ஸ்னேர் புரதங்கள் தாமாகச் சேர்கின்றனவா, சேர்க்கப்படுகின்றனவா?

கயல்விழி_நெல்லை

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள். கடந்த வாரம் நரம்பு முனையில் நிகழும் சவ்விணைவைப் பற்றி வகுப்பில் விளக்கினேன். நரம்புக்கடத்தியைச் சுமக்கும் நுண்குமிழின் சவ்வில் சினாப்டோபிரெவின் இருக்கிறது, செல்சவ்வின் உட்புறத்தில் சின்டாக்ஸினும் ஸ்னாப்-25உம் இருக்கின்றன, ஸ்னேர் எனப்படும் இந்த மூன்று புரதங்களும் ஜிப் போலப் பூட்டிக்கொள்ளும்போது இரண்டு சவ்வுகளும் ஒன்றாகி நரம்புக்கடத்தி வெளியேறுகிறது என்று, பாடநூல்களில் உள்ளபடியேதான் சொன்னேன்.

மாணவி ஒருவர் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்டார். இந்த மூன்று புரதங்களும் எதிரெதிரே இருந்தாலே பூட்டிக்கொள்ளும் என்றால், நரம்பு முனையில் காத்திருக்கும் நுண்குமிழ்கள் எல்லாம் ஏன் இடைவிடாமல் கொட்டிக்கொண்டே இருப்பதில்லை என்பது முதல் கேள்வி. மங்க்18 என்ற துணைப் புரதத்தை எலியில் நீக்கினால் நரம்புக்கடத்தி வெளியீடு முற்றிலும் நின்றுவிடுகிறது என்று அதே பாடநூலில் வேறோர் இடத்தில் இருக்கிறதே, மூன்று புரதங்களே போதுமென்றால் அது எப்படி என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு ஓரளவு விடை சொன்னேன். இரண்டாவதற்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. அரைகுறையாக எதையாவது சொல்லி அந்தப் பெண்ணின் ஆர்வத்தைக் கெடுக்க விருப்பமில்லாததால் இங்கே கேட்கிறேன்.

புரதமடிப்பு

கயல்விழி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டது இத்துறையினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்த கேள்வியேதான். விடைக்குப் போகும் முன், சவ்வுகள் ஏன் தாமாக இணைவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எண்ணெய்த் துளிகள் இரண்டு தொட்டுக்கொண்டால் சேர்ந்துவிடும். சவ்வுகள் அப்படிச் சேர்வதில்லை. சவ்வை ஆக்கும் கொழுமிய (லிப்பிட்) மூலக்கூறுகளின் தலைப்பகுதி நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உள்ள தொலைவு ஏறத்தாழ இரண்டு நானோமீட்டருக்கும் கீழே குறையும்போது, அந்த நீர்ப்படலத்தை அகற்றுவதற்கான விசை மிகக் கடுமையாக உயர்கிறது. அதைத் தாண்டிய பிறகும், முதலில் எதிரெதிர் வெளியடுக்குகள் மட்டும் கலந்து அரையிணைவு என்ற இடைநிலை உருவாகி, அதற்குப் பின்னரே உள்ளடுக்குகளும் கலந்து துளை திறக்கிறது. இந்த முழு வழியையும் கடக்கத் தேவைப்படும் ஆற்றலை வெப்ப அலகில், அதாவது போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி வரும் அளவில், 40ஐ ஒட்டி வைத்துப் பல கணக்கீடுகள் சொல்கின்றன. உடல் வெப்பநிலையின் தற்செயல் துடிப்பால் மட்டும் அவ்வளவு உயரமான தடையைத் தாண்ட முடியாது.

அந்த ஆற்றலைத் தருவதுதான் ஸ்னேர் கூட்டமைப்பு. 1998ஆம் ஆண்டில் சட்டன், ஃபாஸ்ஹவர், யான், பிரங்கர் ஆகியோர் 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். நான்கு ஆல்பா சுருள்கள் ஒரே திசையில் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 12 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு தண்டாக நிற்கின்றன. சினாப்டோபிரெவின் ஒரு சுருளையும் சின்டாக்ஸின் ஒரு சுருளையும் தர, மற்ற இரண்டையும் ஸ்னாப்-25 ஒன்றே தருகிறது. தண்டின் உள்ளே நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் 15 படிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே ஒரேயொரு படி மட்டும் வேறுபட்டு நிற்கிறது. அதில் சினாப்டோபிரெவினிலிருந்து ஓர் ஆர்ஜினினும் மற்ற மூன்று சுருள்களிலிருந்து மூன்று குளூட்டமின்களும் நீர்விரும்பும் பிணைப்பில் கைகோத்திருக்கின்றன. ஈஸ்ட் முதல் மனிதர் வரை இந்த நடுப்படி ஏறத்தாழ மாறாமலே காக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஒளிக்கிடுக்கியால் ஒற்றைக் கூட்டமைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், அது முழுதாக முறுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றல் 65 வெப்ப அலகு என்று அளந்தார்கள். செல்லுக்குள் ஓர் ஏடிபி மூலக்கூறு உடைவதால் கிடைப்பது ஏறத்தாழ 20 அலகு. ஆகவே ஒரு தண்டிலேயே மூன்று ஏடிபிக்கு நிகரான ஆற்றல் தேங்கியிருக்கிறது. கணக்களவில் ஒன்றே போதும் என்று தோன்றும். ஆனால் ஆற்றல் இருப்பதும் அது உரிய நேரத்தில் உரிய இடத்தில் செலவாவதும் ஒன்றல்ல.

பழைய_ஆசிரியர்

புரதமடிப்பு அவர்களின் விளக்கத்துக்கு ஒரு சிறு துணை. "ஜிப்" என்ற உவமை மாணவர்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பது என் நெடுநாள் கருத்து. ஜிப்பில் இரண்டு வரிசைப் பற்கள் பூட்டிக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. அதில் முறுக்கும் இல்லை, எதையும் தன்னை நோக்கி இழுக்கும் வேலையும் இல்லை.

நான் வகுப்பில் கயிறு திரிப்பதைச் சொல்வது வழக்கம். ஸ்னேர் ஒரு நாற்புரிக் கயிறு. புரிகளின் ஒரு நுனி சவ்வுகளில் கட்டப்பட்டிருக்கிறது, மறு நுனி சவ்வுகளைவிட்டு விலகியிருக்கிறது. திரிப்பு அந்த விலகிய நுனியில், அதாவது புரதத்தின் அமினோ முனையில், தொடங்கிச் சவ்வை நோக்கி ஏறுகிறது. முறுக்கு ஏற ஏற, கட்டப்பட்டிருக்கும் இரண்டு நுனிகளும், அவற்றோடு சேர்ந்து இரண்டு சவ்வுகளும், ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. இப்படிச் சொன்னால், பாதி முறுக்கிய நிலையில் கயிறு நிற்க முடியும் என்பதும் மாணவர்களுக்குத் தானே புரிகிறது. அந்தப் பாதி நிலைதான் கயல்விழி அம்மையாரின் முதல் கேள்விக்கு வாசல்.

யாழ்_உயிரியல்

நல்ல இழை. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன் என்பதால் நுண்குமிழ் என்று நீங்கள் எழுதுவதைப் புடகம் என்றே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. 1998இல் ரோத்மன் ஆய்வுக்குழு செய்த பரிசோதனையை நாம் இவ்வளவு எளிதில் கடந்துவிடக் கூடாது. சினாப்டோபிரெவின் பதித்த செயற்கைக் கொழுமியப் புடகங்களை ஒரு பக்கமும், சின்டாக்ஸினும் ஸ்னாப்-25உம் பதித்தவற்றை மறுபக்கமும் எடுத்துக் கலந்தார்கள். வேறு எந்தப் புரதமும் சேர்க்கப்படவில்லை. அவை இணைந்தன. சவ்விணைவுக்கு வேண்டிய குறைந்தபட்சப் பொறி இதுவே என்று அவர்கள் எழுதியது அந்தப் பரிசோதனைக்கு முற்றிலும் பொருத்தமான முடிவு. அப்படியிருக்க, மங்க்18, மங்க்13, கொம்பிளெக்சின், சினாப்டோடாக்மின் ஆகிய துணைப் புரதங்கள் எல்லாம் அந்தப் பொறியின் மேல் வைக்கப்பட்ட தடையும் முடுக்கியும் மட்டுமே என்று கொள்வதில் என்ன குறை? தடையை நீக்கினால் வண்டி வேகமாக ஓடவேண்டும். மங்க்18ஐ நீக்கினால் வண்டி நின்றுவிடுகிறது என்பது மட்டுமே இந்தப் பார்வைக்கு இடைஞ்சல். அது வளர்ச்சிக் குறைபாட்டின் விளைவாகவும் இருக்கலாம் அல்லவா?

புரதமடிப்பு

யாழ்_உயிரியல் அவர்களின் மறுப்பு நேர்மையானது. ஆகவே சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

முதலில் வளர்ச்சிக் குறைபாடு பற்றி. 2000ஆம் ஆண்டில் மங்க்18-1 இல்லாத எலிகளை உருவாக்கி ஆராய்ந்தபோது, பிறக்கும் வரை அவற்றின் மூளை இயல்பான அடுக்குகளோடு உருவாகியிருந்தது, சினாப்ஸ்களும் அமைந்திருந்தன. நரம்புக்கடத்தி மட்டும் ஒரு துளியும் வெளியேறவில்லை. தூண்டிய வெளியீடு மட்டுமல்ல, தன்னிச்சையாக அவ்வப்போது நிகழும் ஒற்றைக் குமிழ் வெளியீடுகூட இல்லை. நரம்பணுக்கள் சிதைவது அதற்குப் பிறகுதான் வருகிறது. எனவே மங்க்18 தடையோ முடுக்கியோ அன்று. பொறியின் உறுப்பாகவே அதைக் கொள்ளவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் சொன்ன அதே பரிசோதனை. அதில் இணைவு நடந்தது உண்மை. ஆனால் பல நிமிடங்கள், சில அளவீடுகளில் மணிக்கணக்கில், பிடித்தது. நரம்பு முனையில் கால்சியம் நுழைந்த பின் ஒரு மில்லி விநாடிக்குள் வெளியீடு நிகழ்ந்துவிடுகிறது. செயற்கைக் குமிழ்களில் ஸ்னேர் புரதத்தின் அடர்த்தியும் மிகுதியாக இருந்தது. பிற்காலத்தில், 2010இல், ஒரு கூட்டமைப்பு மட்டுமே இருந்தாலும் செயற்கைக் குமிழ்கள் இணையும் என்று ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் அட்ரினல் சுரப்பியின் குரோமஃபின் செல்களில் பார்த்தவர்கள், விரைவான வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று வேண்டும் என்றார்கள். இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பதே என் கருத்து. எப்போதாவது இணைய ஒன்று போதும், உடனே இணைய ஒன்றுக்கு மேல் வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. செல்லுக்குள் என்எஸ்எஃப் என்றொரு புரதம் ஆல்பா-ஸ்னாப் என்ற துணையோடு (இது ஸ்னாப்-25 அன்று) எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆறு அலகுகள் வளையமாக அமைந்த அந்த நொதி, ஏடிபியைச் செலவழித்து ஸ்னேர் கூட்டமைப்புகளை அவிழ்க்கிறது. முழுதாக முறுக்கிய நாற்புரி எவ்வளவு உறுதியானது என்றால், எஸ்டிஎஸ் சவர்க்காரத்தில் இட்டாலும் பிரிவதில்லை, பிரிக்க வேண்டுமானால் கொதிநிலையை ஒட்டிச் சூடாக்க வேண்டும். அத்தகைய கயிற்றை இந்த நொதி அவிழ்த்துவிடுகிறது. தாறுமாறாகச் சேர்ந்தவற்றையும் அது விடுவதில்லை. சின்டாக்ஸினும் ஸ்னாப்-25உம் தாமாகச் சேரும்போது, இரண்டு சின்டாக்ஸினும் ஒரு ஸ்னாப்-25உம் கொண்ட, சினாப்டோபிரெவினுக்கு இடமே இல்லாத, முட்டுச்சந்து போன்ற ஓர் அமைப்பு எளிதில் உருவாகிறது. அதையும் அது கலைக்கிறது.

இப்போது 2013ஆம் ஆண்டில் ஹோசே ரிசோ குழு செய்ததைப் பாருங்கள். யாழ்_உயிரியல் சொன்ன அதே வகைக் குமிழ்களோடு, செல்லில் உண்மையாகவே இருக்கும் என்எஸ்எஃபையும் ஆல்பா-ஸ்னாப்பையும் சேர்த்தார்கள். சின்டாக்ஸினும் ஸ்னாப்-25உம் கூடிய முன்னமைப்பு கலைந்துபோனதால் இணைவு நின்றது. பிறகு மங்க்18-1ஐயும் மங்க்13இன் உரிய பகுதியையும் சினாப்டோடாக்மினோடும் கால்சியத்தோடும் சேர்த்தபோது, அவிழ்ப்பவர்கள் பக்கத்திலேயே இருந்தும் இணைவு மீண்டும் நடந்தது. 1998இன் குடுவையில் அவிழ்ப்பவர் இல்லை. அதனால்தான் அங்கே மங்க்18 தேவைப்படவில்லை. செல்லில் அவிழ்ப்பவர் எங்கும் இருக்கிறார். ஆகவே தாமாகச் சேரும் வழி செல்லில் அடைபட்டிருக்கிறது, மங்க்18 வழியாகச் சேர்வது ஒன்றே திறந்திருக்கிறது. கயல்விழி அவர்களின் மாணவி கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான்.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்டாக்ஸினின் அமினோ முனையில் மூன்று சுருள்கள் கொண்ட ஒரு கட்டு இருக்கிறது. அது தன் ஸ்னேர் பகுதியின் மேலேயே மடிந்து படுத்துக்கொள்ள முடியும். இந்த மூடிய நிலையை மங்க்18 தன் வளைந்த குழிக்குள் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் யாரும் சின்டாக்ஸினோடு முறுக்கிக்கொள்ள முடியாது. மங்க்13 வந்து அதைத் திறக்க உதவுகிறது. திறந்த பிறகும் மங்க்18 விட்டுப் போவதில்லை. தன் ஒரு முகத்தில் சின்டாக்ஸினையும் அடுத்த முகத்தில் சினாப்டோபிரெவினையும் ஏந்தி, இரண்டையும் சரியான படிகள் நேராக வரும்படி நிறுத்துகிறது. 2015ஆம் ஆண்டில் ஃப்ரெட் ஹியூசன் குழு ஒரு பூஞ்சையின் ஒத்த புரதமான விபிஎஸ்33இல் இரண்டு ஸ்னேர் புரதங்களும் பக்கம்பக்கமாக ஏறி அமர்ந்திருக்கும் படிக அமைப்புகளை வெளியிட்டபோது இது கண்ணுக்கு முன்னே வந்தது. பழைய ஆசிரியர் ஐயாவின் உவமையில் சொன்னால், புரிகளை விலகாமல் பிடித்துத் தரும் கை இது. கை இல்லாமலும் புரிகள் சிக்கிக்கொள்ளும். ஆனால் அது கயிறாக இராது.

ஆய்வக_மாணவன்

மிகவும் பயனுள்ள விளக்கம். ஒரு குழப்பம் மட்டும் இருக்கிறது. என் குறிப்பேட்டில் என்எஸ்எஃப் ஏடிபியை உடைக்கும்போது வரும் ஆற்றலால்தான் சவ்வுகள் இணைகின்றன என்று எழுதி வைத்திருக்கிறேன். அது அவிழ்க்கும் நொதி என்றால் இணைவுக்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது என்றாகிறதே?

பழைய_ஆசிரியர்

தம்பி, உங்கள் குறிப்பேடு எழுதியவரைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் கற்பித்தோம்.

1988இல் ரோத்மன் குழு என்எஸ்எஃபைப் பிரித்தெடுத்தது. சவ்வுப் போக்குவரத்தை நிறுத்திவிடும் என்-எத்தில்மாலியமைடு என்ற வேதிப்பொருளுக்கு உணர்வுடைய காரணி என்பதாலேயே அந்தப் பெயர். ஷெக்மன் ஈஸ்ட்டில் கண்ட செக்18 மரபணு தருவதும் இதே புரதம்தான் என்று பின்னர் தெரிந்தது. 1993இல் மாட்டின் மூளையிலிருந்து, என்எஸ்எஃபும் ஆல்பா-ஸ்னாப்பும் எதைப் பற்றுகின்றன என்று தேடியபோது கையில் கிடைத்தவைதான் இந்த மூன்று ஸ்னேர் புரதங்கள். ஏடிபியைச் சேர்த்தால் அந்தக் கூட்டமைப்பு கலைந்தது. கலைவதோடு இணைவும் நிகழ்கிறது என்று அன்று கருதியது இயல்பே.

1996இல் வில்லியம் விக்னர் குழு ஈஸ்ட்டின் வாக்குவோல்கள் எனும் உள்ளறைகளை வைத்துச் செய்த ஆய்வு அந்த வரிசையைத் திருத்தியது. ஏடிபியும் செக்18உம் சவ்வுகள் ஒன்றையொன்று பற்றுவதற்கு முன்பே தங்கள் வேலையை முடித்துவிட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். முந்தைய இணைவில் ஒரே சவ்வில் வந்து சேர்ந்து பயனற்றுக் கிடக்கும் நாற்புரிகளை அவிழ்த்து, அடுத்த முறைக்குத் தனிப்புரிகளாக ஆக்கித் தருவதே அந்த வேலை. ஆற்றல் ஏடிபியிலிருந்து வருகிறது என்பது அப்போதும் உண்மைதான். ஆனால் அது வில்லில் நாணேற்றுவதற்குச் செலவாகிறது, அம்பு புறப்படுவது பிறகு. குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவர்_காவிரி

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துவருகிறேன். நோயாளிகளின் பக்கத்திலிருந்து சில செய்திகள் சொல்லலாம் என்று தோன்றியது.

டெட்டனஸ் நோயாளியைப் பார்த்தவர்கள் அந்த வில்போல் வளைந்த முதுகையும் இறுகிய தாடையையும் மறக்க மாட்டார்கள். தனுர்வாதம் என்ற பழைய பெயரிலேயே அந்த வில் இருக்கிறது, இலங்கையில் ஏற்புவலி என்பார்கள். போட்டுலிசம் அதற்கு நேர் எதிரானது. இமை தொங்கி, குரல் தளர்ந்து, தசைகள் எல்லாம் துவண்டுபோகும். படுக்கையருகே நின்று பார்த்தால் இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் எண்ண மாட்டார்கள். 1992இல் ஜாம்பியேட்ரோ ஸ்கியாவோவும் சேசரே மொன்டெக்கூக்கோவும் தம் குழுவினரோடு கண்டுபிடித்தது, டெட்டனஸ் நச்சும் போட்டுலினம் பி நச்சும் சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில், 76ஆம் அமினோ அமிலமான குளூட்டமினுக்கும் 77ஆம் இடத்திலுள்ள ஃபினைல்அலனினுக்கும் நடுவே, வெட்டுகின்றன என்பதுதான். வெட்டுமிடம் ஒன்று, வெட்டப்படும் நரம்பணு வேறு. போட்டுலினம் தசையோடு சேரும் நரம்பு முனையிலேயே தங்கி அசெட்டைல்கோலினை நிறுத்துகிறது. டெட்டனஸ் நரம்பிழையின் வழியே பின்னோக்கிப் பயணித்துத் தண்டுவடத்தை அடைந்து, தசையைத் தளர்த்தச் சொல்லும் நரம்பணுக்களின் கிளைசினையும் காபாவையும் நிறுத்துகிறது. இந்தியாவில் பேறுகால, பச்சிளங்குழந்தை டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது தடுப்பூசியாலும் தூய்மையான பிரசவத்தாலும் கிடைத்த பலன். இந்த வெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்திலேயே அந்தத் தடுப்பூசி இருந்தது என்பதும் உண்மை.

போட்டுலினம் ஏ நச்சைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஸ்னாப்-25ஐ வெட்டுகிறது. 206 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் கடைசி 9 மட்டுமே உதிர்கின்றன. 197 மிஞ்சியிருந்தும் நரம்புக்கடத்தி வெளியீடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பழைய ஆசிரியர் ஐயா சொன்ன கயிற்றில் சவ்வை ஒட்டிய கடைசிச் சில முறுக்குகள்தான் இந்த 9. கயிற்றின் பெரும்பகுதி திரிந்த பிறகும் கடைசி முறுக்கு விழாவிட்டால் சவ்வு திறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யாழ்_உயிரியல் அவர்களின் மங்க்18 ஐயத்துக்கும் மருத்துவத்தில் ஒரு விடை உண்டு. மங்க்18-1ஐத் தரும் எஸ்டிஎக்ஸ்பிபி1 மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று மட்டும் கெட்டாலே, பிறந்த சில வாரங்களில் கடும் வலிப்போடு தொடங்கும் ஒட்டஹாரா நோய்த்தொகுதி வரக்கூடும் என்று 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மற்றொரு படி முழுதாக இருந்தும் குழந்தை அவதிப்படுகிறது. நரம்புக்கு வெளியேயும் இதே கதைதான். மங்க்13-4, சின்டாக்ஸின்-11, மங்க்18-2 ஆகியவற்றின் மரபணுக்கள் இரண்டு படிகளிலும் கெட்டால், கொல்லும் டி செல்கள் தங்கள் பெர்ஃபோரின் துகள்களை இலக்கின் மேல் கொட்ட முடியாமல்போகிறது. தணிக்க ஆளில்லாத அழற்சி உடலெங்கும் பரவிக் குழந்தையைக் கொல்லும் இரத்தவிழுங்கல் நோய் அதன் விளைவு. காரணம் தெரியாத காய்ச்சலாகவே கருதப்பட்டு நாட்கள் கடந்துவிட்ட ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கயல்விழி_நெல்லை

மருத்துவர் அவர்களே, 9 அமினோ அமிலங்கள் என்ற அந்தச் செய்தியை நாளையே வகுப்பில் சொல்வேன். என் முதல் கேள்வி இன்னும் பாதியில் நிற்கிறது. நாற்புரி பாதி முறுக்கிய நிலையில் காத்திருக்கிறது என்று கொண்டால், அதை அங்கே நிறுத்துவது எது, கால்சியம் வந்ததும் விடுவிப்பது எது?

மின்முனை

நான் நரம்பு மின்னியக்கத்தை அளப்பவன் என்பதால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

கால்சியத்தை உணர்வது நுண்குமிழின் சவ்விலேயே பதிந்திருக்கும் சினாப்டோடாக்மின்-1. அதில் சி2ஏ, சி2பி என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலாவது மூன்று கால்சியம் அயனிகளையும் அடுத்தது இரண்டையும் பற்றுகிறது. பற்றியதும் அவற்றின் நுனிகள் எதிர்மின் தன்மையுள்ள கொழுமியங்களுக்குள் செருகிக்கொள்கின்றன. 1967இல் டாட்ஜும் ரஹமிமோஃபும் தவளையின் நரம்புத்தசைச் சந்தியில், வெளியீடு கால்சியச் செறிவின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்று அளந்திருந்தார்கள். புரதம் எதுவென்று தெரியாத காலத்து அளவீடு அது. பல அயனிகள் ஒருங்கே பற்றவேண்டிய ஓர் உணரி இருந்தாக வேண்டும் என்பதை அந்த வளைவே சொல்லிவிட்டது.

தாமஸ் சூடாஃப் குழு 1994இல் இந்தப் புரதம் இல்லாத எலியின் நரம்பணுக்களைப் பார்த்தது. விரைவான, ஒருங்கிசைந்த வெளியீடு மறைந்தது. மெதுவாகச் சிதறி நிகழும் வெளியீடு மிஞ்சியது. அதாவது கயிறு இருக்கிறது, நேரம் தவறிவிட்டது. பிறகு 2001இல், கால்சியப் பற்றை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கும் ஒரேயொரு அமினோ அமில மாற்றத்தைச் செய்தபோது, வெளியீட்டின் கால்சிய உணர்திறனும் அதே அளவில் குறைந்தது. உணரி இதுதான் என்பதில் அதன்பின் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

நிறுத்துவது எது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கொம்பிளெக்சின் என்ற சிறு புரதம், சின்டாக்ஸினுக்கும் சினாப்டோபிரெவினுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் எதிர்த்திசையில் படுத்துக்கொள்கிறது என்று 2002இல் படிக அமைப்பு காட்டியது. கடைசி முறுக்கு விழாமல் அது தாங்கிப் பிடிக்கிறது என்று கொள்வது எளிது. பழ ஈயில் அதை நீக்கியபோது தன்னிச்சை வெளியீடு பன்மடங்கு பெருகியது, ஆகவே அங்கே அது தடை. எலியில் இரண்டு கொம்பிளெக்சின்களை நீக்கியபோது தூண்டிய வெளியீடு குறைந்தது, ஆகவே அங்கே அது துணை. என் கருத்தில் ஒரே மூலக்கூறின் வெவ்வேறு பகுதிகள் இந்த இரண்டு வேலைகளையும் செய்கின்றன, எந்தப் பக்கம் மேலோங்குகிறது என்பது உயிரினத்தைப் பொறுத்தது. "கொம்பிளெக்சின் ஒரு தடை" என்று மட்டும் வகுப்பில் எழுதிப்போடாதீர்கள். எலியின் தரவைப் படிக்கும் நாளில் மாணவர்கள் தடுமாறுவார்கள்.

காத்திருக்கும் அந்த நிலை இல்லாமல் வேகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கால்சியம் வந்த பிறகு புரிகளைத் தேடிச் சேர்த்துத் திரிக்க ஒரு மில்லி விநாடி போதாது. அந்த வேலையை மங்க்18உம் மங்க்13உம் முன்கூட்டியே முடித்து வைத்திருக்கின்றன. மிஞ்சியிருப்பது கடைசி அசைவு மட்டும்.

யாழ்_உயிரியல்

மங்க்18 பற்றிய என் ஐயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2013ஆம் ஆண்டுப் பரிசோதனையின் பொருளை நான் இதற்கு முன் இப்படிப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்ஃபுளுவென்சா வைரசின் ஹீமக்ளூட்டினின் ஒரே புரதமாக நின்று இணைவை முடித்துவிடுகிறதே. அதற்கு மங்க்18 போல ஒரு கை தேவைப்படவில்லை. அப்படியென்றால் செல் ஏன் இவ்வளவு சுற்றுவழியை எடுத்துக்கொண்டது?

புரதமடிப்பு

ஹீமக்ளூட்டினினுக்கும் கட்டுப்பாடு உண்டு, அது புரதத்துக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் அது ஒரே சங்கிலியாக உருவாகிறது. ஓம்புயிரியின் நொதி அதை இரண்டாக வெட்டிய பிறகே நாணேறிய நிலை அடைகிறது. வைரசைச் செல் உள்வாங்கிய எண்டோசோம் என்ற பையின் உள்ளே அமிலத்தன்மை பிஎச் 5ஐ ஒட்டி வரும்போது, மடிந்திருந்த பகுதி நீண்ட சுருளாக நிமிர்ந்து, இணைவுப் பெப்டைடை எதிர்ச் சவ்வில் செருகி, பிறகு தன்மேலேயே மடிந்து இரண்டு சவ்வுகளையும் இழுக்கிறது. 1981இல் வெளியான முதல் நிலையின் அமைப்பையும் 1994இல் வெளியான அமில நிலையின் அமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே புரதம் என்று நம்பவே மனம் வராது.

ஆனால் அது ஒருமுறை மட்டுமே வெடிக்கும். வைரசுக்கு அந்த ஒருமுறை போதும், அவிழ்த்து மீண்டும் நாணேற்ற அதற்கு என்எஸ்எஃப் இல்லை. நரம்பு முனையோ அதே புரதங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியாக வேண்டும். அதற்கு அவிழ்ப்பவர் வேண்டும். அவிழ்ப்பவர் எப்போதும் பக்கத்தில் இருப்பதால், சேர்ப்பதற்கு ஒரு காவலான கை வேண்டும். செல் எடுத்துக்கொண்ட சுற்றுவழி என்று நீங்கள் சொன்னது மறுபயன்பாட்டின் விலை என்று நான் எண்ணுகிறேன்.

கயல்விழி_நெல்லை

இன்று வகுப்பு முடிந்தது. நாற்புரிக் கயிற்றைக் கரும்பலகையில் வரைந்து, 9 அமினோ அமிலங்களை வேறு நிறத்தில் காட்டினேன். அதே மாணவி மீண்டும் எழுந்து கேட்டார்: போட்டுலினம் ஏ 9 அமினோ அமிலங்களை மட்டும் உதிர்க்கிறது, போட்டுலினம் ஈ அதே ஸ்னாப்-25இல் 26ஐ உதிர்க்கிறது. பெரிய வெட்டு ஈயினுடையது என்றால் அதன் முடக்கம்தானே நெடுநாள் நிற்க வேண்டும்? மருத்துவர் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவர்_காவிரி

நேர் எதிராகவே நடக்கிறது, அந்தப் பெண்ணிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். ஏ வகை நச்சின் முடக்கம் மாதக்கணக்கில் நீடிக்கிறது, ஈ வகையினுடையது சில வாரங்களில் நீங்கிவிடுகிறது. வெட்டின் அளவைவிட, வெட்டும் நொதி நரம்பு முனைக்குள் எவ்வளவு காலம் அழியாமல் இருக்கிறது என்பதே பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கிறது. ஏ வகையின் நொதிப் பகுதி செல்சவ்வின் உட்புறத்தை ஒட்டித் தங்கி நெடுநாள் நிலைக்கிறது, புதிதாக வரும் ஸ்னாப்-25ஐயும் தொடர்ந்து வெட்டுகிறது. ஈ வகையினுடையது சைட்டோபிளாசத்தில் பரவிக் கிடந்து விரைவில் சிதைக்கப்படுகிறது. நீங்கள் வரைந்த படத்தில் சவ்வின் உட்புறமாக ஏ நொதிக்கு ஓர் இடம் குறித்துக் காட்டினால், கண்ணிமைத் துடிப்புக்கு மருந்தாக ஏ நச்சு ஊசியை ஏன் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடுகிறோம் என்பதையும் அதே படத்திலிருந்து சொல்லிவிடலாம்.